திகில் கதையில் விலக்கப்பட்டவர், மந்திரம், பேயுரு: செட்டிநாட்டு வீட்டை வைத்து எழுதுவது எப்படி?

முகப்புத் திண்ணை | இரவு 8.10

செட்டிநாட்டு வீட்டைக் களமாக வைத்து எழுதப்படும் திகில் கதைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. பூட்டிக் கிடக்கும் அறை, அதில் செத்துப்போன ஒரு பெண், நடுவில் வந்து சேரும் மலையாள மாந்திரீகர், முடிவில் எலுமிச்சம்பழமும் குங்குமமும். படிக்கிறபோது எங்கேயாவது ஒரு முறை திடுக்கிடும். மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்காது. ஏன் நிற்பதில்லை என்று செய்முறை அளவிலேயே பேசத்தான் இந்த இழை.

அந்தக் கதைகளில் விலக்கப்பட்டவரும் மந்திரமும் பேயும் தனித்தனி மிரட்டல்களாக வருகிறார்கள் என்பது என் எண்ணம். அவை ஒரே காரியத்தின் மூன்று கட்டங்கள். ஒரு வீடு ஒருவரை வெளியே தள்ளுகிறது. நியாயம் கேட்க வேறு வழி இல்லாத நிலையில் மந்திரம் உள்ளே வருகிறது. அந்த மந்திரம் யாரோ ஒருவரை மனிதர் என்ற கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறது. இந்தச் சங்கிலி அறுந்த கதையில் பேய் எவ்வளவு அலறினாலும் வாசகருக்கு அதில் பங்கில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைப் பேசும் இயல்) இதற்கு நல்ல அளவுகோல். அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. இளிவரலுக்கு (இழிவு உணர்வுக்கு) மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மருட்கைக்கு (வியப்புக்கு) புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். திகில் கதை இந்த மூன்று மெய்ப்பாட்டையும் வாங்கிக்கொள்கிறது. விலக்கப்பட்டவர் வரும்போது இளிவரல், மந்திரம் நடக்கும்போது மருட்கை, உரு தெரியும்போது அச்சம். வரிசையும் இதுதான். முதல் பத்தியிலேயே அச்சத்தில் தொடங்கினால் ஏறுவதற்குப் படி இருக்காது.

5000 சொல்லில் ஒரு சிறுகதை என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ராக்காவல் | இரவு 8.45

அந்த நான்கில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தம் இறை. நம்மை ஆள்பவர், நமக்குச் சோறு போடுபவர், நாம் மறுபேச்சுப் பேச முடியாதவர். பேய்க்குப் பயப்படுகிற வீட்டில் பெரியவருக்கும் பயப்படுவார்கள். இந்த இரண்டு பயமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கதை சூடுபிடிக்கும்.

நீலி கதையைப் பாருங்கள். தொண்டைநாட்டுக் கதை, திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூரில் நடப்பது. பரவலாகச் சொல்லப்படும் வடிவத்தில், முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைத் தேடி நீலி மனைவி உருவில் வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். வணிகன் கையில் அவளைத் தடுக்கும் ஆயுதம் ஒன்று இருக்கிறது. அது இருக்கும் வரை அவளால் நெருங்க முடியாது. அவன் ஊர்ச் சபைக்கு ஓடுகிறான். வேளாளர் 70 பேரும் விசாரிக்கிறார்கள். குழந்தை அவனிடம் தாவுகிறது. ‘இவள் உன் மனைவிதான், ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போ, ஏதும் நேர்ந்தால் நாங்கள் உயிர் கொடுக்கிறோம்’ என்று வாக்குத் தருகிறார்கள். விடியும்போது அவன் பிணம். 70 பேரும் தீப்பாய்கிறார்கள்.

பயம் நீலியின் பல்லிலோ நகத்திலோ இல்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத 70 பெரிய மனிதர்கள், நியாயமான விசாரணை நடத்தி, ஒருவனிடம் இருந்த ஒரே பாதுகாப்பை வாங்கி வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்துகிறார்கள். இன்னொன்று, நீலியின் கோரிக்கை பொய்யில்லை. கொலை நடந்திருக்கிறது. பேய்க்குப் பாத்தியதை இருக்கிறது. வாசகர் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிற அந்த நேரம்தான் கதை.

செய்முறையாகச் சொன்னால்: பாதுகாப்புப் பொருள் ஒன்றைக் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் காட்டுங்கள். அது வேலை செய்வதை ஒரு முறை நிரூபியுங்கள். பிறகு அதை எடுப்பவர் எதிரியாக இருக்கக் கூடாது, அன்பு உள்ளவராக இருக்க வேண்டும்.


இரண்டாம் கட்டு | இரவு 9.20

அண்ணே, விலக்கப்பட்டவர் என்றதும் ஊருக்கு வெளியே சுடுகாட்டுப் பக்கம் தேடிப் போக வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டுக்கு உள்ளேயே அவர்கள் இருந்திருக்கிறார்கள். சின்ன வயதில் தாலி அறுத்து இரண்டாம் கட்டை (வீட்டின் உள்பகுதியை) தாண்டி முகப்புக்கு வராமல் இருந்த ஆச்சி. பிள்ளை கூட்டி (தத்தெடுத்து) வந்த பிறகு சொந்தப் பிள்ளை பிறந்துவிட்டதால் நடுவில் நின்றுபோன பையன். வெளியூரில் கடை நொடித்து மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டு வந்தவர். கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன நாட்டில் இன்னொரு குடும்பம் வைத்தவர்களின் பிள்ளைகள். இவர்களுக்குச் சோறு உண்டு, இடம் உண்டு, பேச்சு மட்டும் கிடையாது.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கில் கல்யாணம் ஆனால்தான் புள்ளி, அதாவது கணக்கில் சேரும் ஒரு குடும்பம். கோவில் வரி, ஊர்க் காரியம் எல்லாமே புள்ளிக் கணக்கில். அப்படியானால் அந்தக் கணக்கில் வராதவர் யார் என்பதே உங்கள் கதை. வேறு எந்த ஊர்க் களத்திலும் இவ்வளவு துல்லியமான கருவி கிடைக்காது. புள்ளியில் சேராத ஒருவர், அல்லது எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்று கூடுதலாக வரும் ஒரு பந்தி.

அடுத்து வீட்டமைப்பு. இதில்தான் கதைகள் அதிகம் சறுக்குகின்றன. இருட்டு மூலை, திரும்பினால் யாரோ நிற்பது என்றே எழுதுகிறார்கள். பெரிய வீடுகளில் முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று கதவுகள் நேர்கோட்டில் நிற்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கதவெல்லாம் திறந்திருந்தால் திண்ணையில் உட்கார்ந்தபடியே பின்வாசல் வெளிச்சம் தெரியும். ஆக இந்த வீட்டில் பயம் மூலையிலிருந்து பாயாது, தூரத்திலிருந்து நேராக வரும்.

மூன்று காட்சி போதும். முதலில் கடைசிக் கதவில், வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுத்த வடிவம். முகம் தெரியாது, வேலைக்காரி என்று நினைத்து யாரும் கவலைப்படக் கூடாது. இரண்டாவது முறை அதே வடிவம் ஒரு கட்டு முன்னால் நிற்க வேண்டும், நடந்து வந்ததை யாரும் பார்த்திருக்கக் கூடாது. மூன்றாவது முறை நேர்கோட்டில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில், காலையிலிருந்து திறந்து கிடந்த அறை சாத்தியிருக்கிறது. இதற்கு மேல் நான்காவது முறை காட்டினால் பழகிவிடும்.

அறைகளைப் பற்றி ஒன்று. வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. பெரும்பாலும் சாமான் வைக்கத்தான். படுப்பது வளவிலும் பட்டாலையிலும் பாய் விரித்து. ஆகவே ‘படுக்கையறையில் தனியாக இருந்தாள்’ என்று எழுதினால் வீடு தெரிந்தவர்கள் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். நாற்பது பேர் வரிசையாகப் படுத்திருக்கும் வளவில், ராத்திரி யாரோ ஒவ்வொரு பாயாக நின்று நின்று போவது தனியறையை விட நூறு மடங்கு மோசம்.

சுவர்ப் பூச்சையும் மறக்காதீர்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரில் ஆள் அசைவது மங்கலாகத் தெரியும். முகம் பிடிபடாது, அசைவு பிடிபடும். கண்ணாடியில் பேய் தெரிந்தது என்று எழுதத் தேவையே இல்லை.


செம்மண் | இரவு 9.55

‘இரண்டாம் கட்டு’ சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியும் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

தமிழில் திகில் எழுதுபவர்கள் எடுத்ததும் கைவைப்பது குடுகுடுப்பைக்காரர், நரிக்குறவர், சுடுகாட்டில் வேலை செய்பவர், மலைவாசி. இவர்கள் வந்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். அந்த நிமிர்வு எழுத்தாளர் சம்பாதித்தது இல்லை. ஊரில் ஏற்கெனவே இருக்கும் வெறுப்பை வட்டியில்லாமல் எடுத்துக்கொள்வது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆட்களைப் பதிவேட்டில் எழுதி, ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். மாகாணத்தில் 1947-இல்தான் அது போனது. ‘இந்தக் கூட்டத்தானைப் பார்த்தாலே பயம்’ என்று கதையில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவேட்டுக்கு ஒரு வரி கூடுகிறது.

சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் கதையில் அவருடைய சாதிப் பெயர், உடை, நிறம், பேச்சு வழக்கு நான்கையும் அடித்துவிட்டுப் படியுங்கள். பயம் அப்படியே இருந்தால் அது உங்கள் எழுத்து. போய்விட்டால் அந்தக் காட்சியை மறுபடி எழுதுங்கள்.

மேரி ஷெல்லியின் 1818 நாவலில் (பிராங்கன்ஸ்டைன்) இது எப்படிக் கையாளப்படுகிறது என்று பாருங்கள். உருவாக்கப்பட்ட உயிர் ஒரு குடும்பத்தை ஒளிந்திருந்து கவனித்தே மொழி கற்கிறது. அந்த வீட்டுக் கிழவருக்குக் கண் தெரியாது. அவரிடம் மட்டும் போய்ப் பேசுகிறது, அவரும் இயல்பாகப் பேசுகிறார். கண் உள்ளவர்கள் உள்ளே வந்ததும் அடி விழுகிறது. இதை நமக்கு அந்த உயிரே சொல்கிறது, அதுவும் எப்போது? ஒரு குழந்தையை அது கொன்றது தெரிந்த பிறகு. முதலில் துயரத்தைச் சொல்லிவிட்டுக் கொலையைக் காட்டியிருந்தால் மன்னித்துவிடுவோம். கொலையை முன்னால் வைத்ததால் மன்னிக்கவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் நிற்கிறோம்.


முகப்புத் திண்ணை | இரவு 10.15

செம்மண் தம்பி, சோதனை சரியானது. ஆனால் அதோடு நின்றால் விலக்கப்பட்டவர் எல்லோரும் அப்பாவிகளாகி, கதை புலம்பலாக முடியும். அதுவும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.

நம் நாட்டார் மரபு இதில் தைரியமானது. மதுரைவீரன், காத்தவராயன் கதைகளில் அதிகாரம் அவர்களைக் கொல்கிறது. செத்தவர்கள் சும்மா போவதில்லை. கேட்கிறார்கள், பிடிக்கிறார்கள், கும்பிட வைக்கிறார்கள். அவர்கள் வாழ்நாளில் எல்லாமே நல்லது செய்தவர்களும் இல்லை. ஆசை, முரட்டுத்தனம், அத்துமீறல் எல்லாம் உண்டு. விலக்கப்பட்டவருக்கு விருப்பம் கொடுங்கள், திறமை கொடுங்கள், அவர் செய்த ஒரு தவறையாவது கொடுங்கள். தண்டனை மட்டும் அந்தத் தவறை விடப் பத்து மடங்கு இருக்கட்டும். அந்த ஒன்பது பங்கு மீதிதான் பேய்.


தகடு | இரவு 10.50

மந்திரப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். திகில் கதையில் மந்திரம் கெடுவதற்கு முதல் காரணம் அளவு. எலுமிச்சை, மண்டை ஓடு, மாவுப் பொம்மை, கறுப்புக் கோழி, மை, தகடு எல்லாவற்றையும் ஒரே காட்சியில் பரப்பிவிடுவார்கள். சாமான் கூடக் கூட மருட்கை குறையும். ஒரு கதைக்கு ஒரு பொருள். அதுவும் அந்த வீட்டில் தினம் புழங்கும் பொருளாக இருப்பது உத்தமம்: சாவிக்கொத்து, முறம், பந்திப்பாய், சேலை.

இரண்டாவது, செய்வினை என்று நம் பக்கம் சொல்லும் எல்லாக் கதையிலும் ஒரு பொது விதி இருக்கிறது. பாதிக்கப்படப் போகிறவரின் ஏதாவது ஒன்று வேண்டும்: தலைமுடி, உடுத்திய துணி, காலடி மண். இதை மாந்திரீகர் தானாக எடுக்க முடியாது. வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். பயத்தின் சாவியே இங்கேதான் இருக்கிறது. மாந்திரீகர் யார் என்பது முக்கியமில்லை. காலடி மண்ணை வழித்து முந்தானையில் முடிந்தவர் யார் என்பதுதான் கேள்வி. மாந்திரீகரையே கதையிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்துக் கொடுத்தவரை மட்டும் வைத்துப் பாருங்கள். மலையாள மாந்திரீகர் என்ற பழைய பழிபோடலும் தானாகவே போய்விடும்.

மூன்றாவது, விதி. மந்திரத்தால் எது முடியும், எது முடியாது, என்ன விலை என்ற மூன்றையும் எழுதுபவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் சொல்ல வேண்டியது முதல் இரண்டை மட்டும். விலையை நடக்கும்போது காட்டுங்கள். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 1902 கதையில் (குரங்குக் கை) வரம் தரும் ஒரு குரங்குக் கையிடம் முதல் வரமாக 200 பவுண்டு கேட்கிறார்கள். மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். நிறுவனம் தரும் தொகை அதே 200 பவுண்டு. மின்னலும் புகையும் இல்லை. எல்லாமே இயல்பாக நடக்கக்கூடியது. தொகை மட்டும் பொருந்துகிறது. மந்திரம் வேலை செய்ததற்கு அந்த ஓர் எண்ணைத் தவிர வேறு அடையாளமே கிடையாது என்பதால்தான் அது நெஞ்சைப் பிடிக்கிறது.

மந்திரச் சொற்களை எழுதவே எழுதாதீர்கள். ‘ஓம், றீம்’ என்று போட்டால் வாசகர் காதில் சினிமா ஒலிக்கும். தயாரிப்பை எழுதுங்கள்: யார் எப்போது எழுந்தார், எதைக் கழுவினார், எதை எத்தனை முறை எண்ணினார், யாரிடம் பொய் சொன்னார்.


குழிவயிறு | இரவு 11.20

உருவைக் காட்டுவது பற்றி. ‘பயங்கரமான’, ‘கோரமான’, ‘அகோர’ என்ற மூன்று சொல்லையும் வரைவில் தேடி அடித்துவிடுங்கள். அவை வாசகர் செய்ய வேண்டிய வேலையை எழுத்தாளர் செய்துவிட்டதாகச் சொல்லும் சொற்கள்.

காரைக்கால் அம்மையார் மூத்த திருப்பதிகத்தில் பெண்பேயைச் சொல்லும் இடத்தைப் படியுங்கள். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெண்பல், ஒட்டிய வயிறு, செம்பட்டை முடி, உயர்ந்த பரடு (கணுக்கால்), நீண்ட கணைக்கால். அஞ்சத்தக்கது என்று ஒரு சொல் கிடையாது. வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதுபோல உறுப்பு உறுப்பாகப் போகிறது. அப்படிச் சொல்பவர் யார்? வணிகர் குடும்பத்துப் பெண், கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி விலகியதும் பேய் வடிவைக் கேட்டு வாங்கியவர், தன்னையே காரைக்கால் பேய் என்று பெயர் சொல்லிக்கொள்பவர். விலக்கம், வரம், உரு மூன்றும் ஒருவரிடமே வந்துவிட்டன. இந்த இழையின் கேள்விக்கு இதைவிடப் பழைய, முழுமையான விடை எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்ப்பக்கம் கலிங்கத்துப்பரணி. அங்கே பேயின் காலும் கையும் பனங்காடே நடந்து வந்ததுபோல. அடுக்கடுக்காக உவமை, பிறகு கூழ் சமையல். அங்கே நோக்கம் வேறு. போரின் பெருமையைக் கொண்டாடுவது. ஆகவே சிரிப்பும் வியப்பும் வரும், அச்சம் வராது. உவமை கூடினால் உரு வேடிக்கையாகிவிடும் என்பதற்கு அது நல்ல பாடம். சிறுகதையில் மூன்று உடல் விவரம் போதும். இரண்டு சாதாரண மனிதருடையது, மூன்றாவது பிசகியது. அந்தப் பிசகு சிறியதாக இருக்கட்டும்: வியர்க்காத கழுத்து, சோறு பிசைந்தும் பருக்கை ஒட்டாத விரல்.

இன்னொன்று மணிமேகலையில் இருக்கிறது. சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் சார்ங்கலன் என்ற சிறுவன் வழிதவறி நுழைகிறான். பேய் ஒன்று பிணத்தலையைக் கையில் வைத்துக் கண்ணைத் தோண்டித் தின்று அடங்காத களிப்போடு ஆடுகிறது. அவனை அது துரத்தவில்லை, மிரட்டவில்லை. அதன் பாட்டுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். நம்மைக் கவனிக்காத, சந்தோஷமாக இருக்கிற பேய். இதை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

உருவுக்குப் பேச்சுக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா (1897) முழுக்க நாட்குறிப்பும் கடிதமும் தந்தியும். எல்லோரும் எழுதுகிறார்கள், டிராகுலா மட்டும் தன் கதையை எழுதுவதில்லை. சாட்சிகள் பலர், பிரதிவாதி ஒருவர், அவர் வாக்குமூலமே இல்லை. ஷெல்லி செய்தது இதற்கு நேரெதிர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாதி பேசி பாதி மறைக்கும் பேய் இரண்டு பக்கமும் நட்டம்.


பின்வாசல் | இரவு 11.40

ஒரு சந்தேகம். படைப்பைக் கதையில் கொண்டுவரலாமா? மறைந்தவர்களுக்குச் சேலை, வேட்டி வைத்துப் படைப்பது பங்காளிகள் எல்லோரும் கூடும் காரியம். அதைப் பேய்க் கதையாக்கினால் புண்படுமே?


இரண்டாம் கட்டு | இரவு 11.58

புண்படும், நீங்கள் படைப்பையே பேயாக்கினால். படைக்கப்படும் முன்னோர் காக்கிறவர்கள். அவர்களைக் கெட்ட ஆவியாகக் காட்டுவது தகவலாகவும் தப்பு, மரியாதையாகவும் தப்பு. முறை சரியாக நடக்கட்டும், சாமி சாமியாகவே இருக்கட்டும். குறை மனிதர்களிடம் இருக்கட்டும். யாருக்குப் படைக்கவில்லை, ஏன் படைக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். சேலைகளை எண்ணி வைக்கும் ஆச்சி ஒரு பெயரில் தயங்கி அடுத்த பெயருக்குப் போவது போதும்.

சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காக நட்ட கல்லில் வழிப்போக்கர் சுமை இறக்கி வைப்பது கருணையான வழக்கம். அந்தக் கல்லைப் பயமுறுத்தும் பொருளாக்காதீர்கள். நட்டிருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லாமல் இருப்பதை எழுதுங்கள்.


தகடு | காலை 6.30

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவது திகிலுக்குக் கிடைத்த வரம். வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை எல்லாம் வழக்கம்போல நடக்கட்டும். ‘வளவுக் கொடியில் காய்ந்த எட்டுச் சேலையில் ஏழைத்தான் ஆச்சி மடித்தாள், எட்டாவது ஈரமாகவே இருந்தது, மூன்றாம் நாளும்.’ ‘திடீரென்று’ என்ற சொல்லைப் போட்டால் திடுக்கிடல் அங்கேயே தீர்ந்துவிடும். ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம்.


முகப்புத் திண்ணை | காலை 7.15

இதுவரை வந்ததை வைத்து ஒரு கட்டுமானம் போட்டுப் பார்த்தேன். பர்மாவில் இன்னொரு குடும்பம் வைத்த ஒருவரின் மகள், அப்பாவின் வீடு தேடி வருகிறாள். வீடு அவளை உள்ளே சேர்க்கவில்லை. திண்ணையில் இலை போடுகிறது. மந்திரப் பொருள் பந்திப்பாய். விதி ஒன்றே ஒன்று: ஆட்களை எண்ணும்போது எண்ணப்பட்டவர்தான் இருப்பார். முடியாதது: எண்ணிக்கையைக் கூட்ட முடியாது. ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். எடுத்துக் கொடுப்பவர், இரண்டாம் கட்டிலேயே வாழ்ந்த தாலி அறுத்த ஆச்சி. அவருக்குத்தான் எண்ணப்படாமல் இருப்பது என்னவென்று தெரியும்.

அளவு: முதல் 900 சொல் வீடும் கல்யாணக் கூட்டமும், அதில் இரண்டு முறை ஆட்களை எண்ணும் காட்சி. அடுத்த 1100 அந்தப் பெண்ணின் வருகையும் திண்ணை இலையும். இங்கே இளிவரல் முழுமையாக இறங்க வேண்டும், வாசகரும் அவளைச் சற்றுத் தள்ளியே பார்க்க வேண்டும். 1000 சொல் ஆச்சியின் தயாரிப்பு. 1400 சொல்லில் புதிதாக ஒரு ஆள் உட்காரும் பந்திகள், நேர்கோட்டுக் கதவில் மூன்று காட்சி. கடைசி 600 சொல்லில் வீட்டுப் பெரியவர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார், பரிமாறுபவர்கள் அவரைத் தாண்டிப் போகிறார்கள். அவர் கூப்பிடுகிறார். அதற்கு யாரும் திரும்புவதில்லை. தம் இறை என்ற நான்காவது அச்சம் தலைகீழாகிறது. ஆள்பவரே எண்ணப்படாதவர் ஆகிறார். உரு அவர்தான், அந்தப் பெண்ணல்ல.


செம்மண் | காலை 7.50

இந்த அமைப்பு சாதிச் சோதனையில் தேறுகிறது. ஒரு திருத்தம். அந்தப் பெண்ணுக்கு ஒரு தவறாவது வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். பெரியவருக்குப் பதிலாக முதலில் ஒரு குழந்தை எண்ணிக்கையிலிருந்து போகட்டும். அரை நாள் மட்டும். அவள் அதைத் தெரிந்தே செய்யட்டும். பிறகு திருப்பித் தரட்டும். அந்த அரை நாளில் அம்மாவுக்கே பிள்ளை நினைவில்லை என்பதை 200 சொல்லில் எழுதினால் கடைசிப் பகுதிக்குத் தேவையான கனம் வந்துவிடும்.


குழிவயிறு | காலை 8.05

அவள் பந்தியில் சந்தோஷமாக இருக்க வேண்டும். பழி வாங்கிய முகம் வேண்டாம். நெடுநாள் பசித்தவர் முதல் முறையாகக் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் மகிழ்ச்சி. பக்கத்தில் பெரியவர் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருக்கட்டும்.


ராக்காவல் | காலை 8.40

எல்லாம் சரி, காலத்தைக் கவனியுங்கள். இப்போது நடப்பதாக வைத்தால் கணக்கு உதைக்கும். ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச். அப்போது பலர் காடும் மலையுமாக நடந்தே வந்து சேர்ந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். அதற்கு முன் பிறந்த பெண்ணுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கி, கடை எல்லாம் தேசியமயமாகி, 1964 வாக்கில் தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். கையில் கொண்டுவர அனுமதித்தது சொற்பம். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறது. கதையை 1965-இல் வையுங்கள். அவளுக்கு 24 வயது, தமிழ் பேசுவாள், இழுவை வேறாக இருக்கும். ரங்கூனிலிருந்து வந்தவள் என்பதைச் சந்தேகிக்க யாருக்கும் காரணம் இருக்காது. யாருடைய மகள் என்பதைத்தான் வீடு மறுக்கும். இன்னொரு வசதியும் உண்டு: கைபேசி கிடையாது, வெளியூரில் இருக்கும் பங்காளிகளைக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டுமானால் கடிதம்தான், பதில் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.